செலவு துருவுக்கு, விலை ஆசைக்கு: 1957 செவ்ரோலே பெல் ஏரைப் புதுப்பித்து விற்பது பற்றி

1957-இல் அமெரிக்காவில் ஒரு செவ்ரோலே ஷோரூமுக்குள் போனவர், வி-8 எஞ்சின் (V வடிவில் எட்டு சிலிண்டர்) போட்ட நான்கு கதவு பெல் ஏர் சேடனைச் சுமார் 2,400 டாலருக்கு வாங்கியிருக்கலாம். இன்னும் 200 டாலர் சொச்சம் கூடப் போட்டால், மேலே துணிக்கூரை மடங்கும் கன்வெர்டிபிள் கிடைத்திருக்கும். இரண்டுக்கும் அதே எஞ்சின், அதே டேஷ்போர்டு, பின்னால் அதே வால் துடுப்பு. இன்றைக்கு இந்த இரண்டு கார்களும் நல்ல நிலையில் விற்பனைக்கு வந்தால், சேடன் இருபது இருபத்தைந்தாயிரம் டாலரைத் தாண்டத் திணறும். கன்வெர்டிபிள் அதைப்போல மூன்று நான்கு மடங்குக்குச் சர்வசாதாரணமாகப் போகும்.

சரி, துருப்பிடித்துக் கொட்டகையில் கிடக்கும் இந்த இரண்டையும் பழைய அழகுக்குக் கொண்டுவர எவ்வளவு செலவாகும்? ஏறக்குறைய ஒரே செலவுதான். சேடனில் கதவுகள் இரண்டு அதிகம் என்பதால் அதில் வேலை கொஞ்சம் கூடவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பழைய அமெரிக்கக் காரைப் புதுப்பித்து விற்பது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். செலவைத் தீர்மானிப்பது துரு. விலையைத் தீர்மானிப்பது வாங்குபவரின் ஆசை. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலோர் கையைச் சுட்டுக்கொள்வது இது தெரியாமல்தான்.

எந்தக் காலத்துக் கார்கள்

இரண்டாம் உலகப் போருக்காக 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. கார் செய்த தொழிற்சாலைகள் டாங்கியும் விமானமும் செய்யப் போய்விட்டன. போர் முடிந்து 1945-இன் பிற்பாதியில் உற்பத்தி மறுபடி தொடங்கியபோது வந்தவை எல்லாம் 1942 மாடலுக்கே லேசாக முகத்தை மாற்றிப் போட்டவை. நிஜமான புது வடிவங்கள் 1948, 49 வாக்கில்தான் வந்தன. 1948 கேடிலாக்கில் சின்னதாக முளைத்த வால் துடுப்பு 1959-இல் உச்சத்துக்குப் போனது. பழைய தமிழ்ப் படங்களில் பணக்கார அப்பா வந்து இறங்குவாரே, அந்தப் படகுக் கார்கள் இந்தக் காலத்தவைதான்.

இவற்றில் எதை எடுத்துப் பழகுவது? ஸ்டூடிபேக்கர், ஹட்சன், நாஷ், பேக்கார்ட், கைசர் என்று அழகான கார்களைச் செய்த பல கம்பெனிகள் 1966 முடிவதற்குள் கார் செய்வதை விட்டுவிட்டன, அல்லது இன்னொன்றோடு இணைந்து பெயரை இழந்தன. அவற்றின் ஒரு கதவுக் கைப்பிடி உடைந்தால்கூட, பழைய சாமான் சந்தைகளில் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். 1955, 56, 57 செவ்ரோலேக்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அடிப்படையில் ஒரே உடலை வருடா வருடம் ஒப்பனை மாற்றி விற்ற இந்த மூன்று வருடக் கார்களையும் சேர்த்து ‘ட்ரை-ஃபைவ்’ என்று கூப்பிடுகிறார்கள். 1957 மாடல் மட்டுமே சுமார் 15 லட்சம் விற்றது. அதனால் அவற்றுக்கென்றே உதிரிபாகம் செய்யும் தொழில் ஒன்று வளர்ந்துவிட்டது. கலிபோர்னியாவில் 1976-இல் தொடங்கிய டான்சக் நிறுவனம் முழுக்க முழுக்க இந்தக் கார்களுக்கான உதிரிபாகங்களைச் செய்தே பெயர் வாங்கியது. ரப்பர் பீடிங்கிலிருந்து துடுப்பில் ஒட்டும் அலுமினியத் தகடு வரை இன்று எல்லாமே புதிதாகக் கிடைக்கும். காரின் முழு உடலையே புது இரும்புத் தகட்டில் அடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

1955-இல் வந்த புது செவ்ரோலேயின் பலம் அதன் எஞ்சின். தலைமைப் பொறியாளர் எட் கோலின் குழு வடிவமைத்த 265 கன அங்குல வி-8, அதாவது 4.3 லிட்டர். எடை குறைவு, கட்டமைப்பு எளிமை, நல்ல வேகத்தில் சுற்றும். 1957-இல் அதையே 283 கன அங்குலமாக, 4.6 லிட்டராகப் பெரிதாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம் ஃபோர்டும் பிளிமத்தும் முற்றிலும் புது வடிவத்தில் வந்ததால், 57 செவ்ரோலே சற்றுப் பழசாகத்தான் தெரிந்தது. மாடல் வருட உற்பத்தியில் ஃபோர்டு முந்திக்கொண்டது. பிறகு 1960-களில் அது பழைய கார் விலைக்கு இறங்கி, காசு குறைந்த இளைஞர்கள் கைக்குப் போய், தெருவிலும் பந்தயத்திலும் ஓடிய பிறகே புகழ் வந்தது.

‘ரெஸ்டோரேஷன்’ என்று எதைச் சொல்கிறோம்

ஒரே காரை நான்கு விதமாகக் கையாளலாம். எதைச் செய்யப்போகிறோம் என்பதை ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பாதியில் மாற்றினால் இரண்டு மடங்கு செலவு.

தொழிற்சாலைப் பெயின்ட், தொழிற்சாலை சீட் துணி எல்லாம் இன்னும் மிச்சமிருக்கும் கார் ஒன்று கையில் கிடைத்தால், அதைத் தொடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். பிரேக்கையும் பெட்ரோல் டேங்கையும் சரிசெய்து ஓட வைத்துவிட்டு விட்டுவிடலாம். அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட காரை ‘சர்வைவர்’ என்பார்கள். மங்கிய பெயின்டுக்கு இப்போது தனி மதிப்பே வந்துவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகப் பெயின்ட் அடிக்கலாம், முதல் பெயின்டை மறுபடி கொண்டுவர முடியாது.

இரண்டாவது, ஓட்டுவதற்கு ஏற்ற கார். கண்காட்சியில் பரிசு வாங்காது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரலாம். பெயின்டில் நாலு கீறல் இருக்கும், குரோம் கொஞ்சம் மங்கியிருக்கும். சந்தையில் கைமாறும் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

மூன்றாவதுதான் பலரும் ரெஸ்டோரேஷன் என்று நினைப்பது. இந்தக் கார்களில் உடலும் சேஸிஸும் தனித்தனி, நம் ஊர் லாரிகளைப் போல. போல்ட்டைக் கழற்றி உடலை அப்படியே மேலே தூக்கிவிட்டு, சேஸிஸைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு ஆணியையும் புதுப்பித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே திரும்பப் பூட்டுவது. இதற்கு ‘ஃபிரேம்-ஆஃப்’ என்று பெயர். விற்பனை விளம்பரங்களில் இந்தச் சொல்லைத் தாராளமாக இறைப்பார்கள். உடலைத் தூக்கியதற்கான போட்டோ கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான்காவது ‘ரெஸ்டோமாட்’. வெளியே 1957, உள்ளே இந்தக் காலம்: புது வி-8 எஞ்சின், ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ், டிஸ்க் பிரேக், ஏசி. பழமைவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பெரிய ஏலங்களில், நேர்த்தியாகச் செய்த ரெஸ்டோமாட் பெல் ஏர், அச்சு அசலாகப் புதுப்பித்ததைவிட அதிக விலைக்குப் போவது இப்போது அதிசயமில்லை. வாங்குபவர் ஓட்ட ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், வெட்டி ஒட்டாமல் போல்ட்டில் மாட்டக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டுக் காரோடு சேர்த்தே கொடுத்துவிட்டால், அடுத்து வருபவர் விரும்பினால் திரும்பப் பூட்டிக்கொள்வார்.

வாங்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது

எஞ்சின் ஓடவில்லை என்பதற்காக ஒரு காரைத் தள்ள வேண்டியதில்லை. 283 எஞ்சினுக்குப் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கடையில் கிடைக்கும். சிலிண்டரைக் குடைந்து ஓவர்ஹால் செய்துகொடுக்க ஊருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கும். பயப்பட வேண்டியது துருவுக்கு.

57 செவ்ரோலேயில் துரு பிடிக்கும் இடங்கள் ஊரறிந்தவை. முன்னால் ஹெட்லைட்டுக்கு மேல் புருவம் போல நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை முதலில் பாருங்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறு அதன் உள்பக்கத்தில் போய் அப்பிக்கொள்ளும், ஈரம் காயவே காயாது. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு கடலை மிட்டாய் உறை போல மெலிந்திருக்கும். அடுத்து முன் மட்கார்டின் கீழ்க்கோடி, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் தகடு, கால் வைக்கும் தரை, டிக்கியின் தரை, பின் கண்ணாடிக்குக் கீழே. தரையில் மேட் விரித்திருந்தால் தூக்கிப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள்.

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போவது பழைய வழக்கம். இரும்புத் தகட்டில் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையில் பட்டி அப்பி மேலே பெயின்ட் அடித்திருந்தால் அங்கே வழுக்கும். ஹெட்லைட் புருவத்திலிருந்து ஆரம்பித்து, மட்கார்டின் கீழ் விளிம்பு வழியாகக் கதவடி வரை மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தால், அந்தக் காரின் முந்தைய டிங்கர் என்னென்ன செய்தார் என்பது தெரிந்துவிடும். ஒரு விஷயம்: தொழிற்சாலையிலேயே உடலின் சில இணைப்புகளை ஈயம் உருக்கி நிரப்பியிருப்பார்கள், அங்கேயும் காந்தம் ஒட்டாது. ஆகவே கூரையும் பின் மட்கார்டும் சேரும் இடத்தில் வழுக்கினால் உடனே சந்தேகப்பட வேண்டாம். அந்த ஈயத்தை உலர்வாகத் தேய்க்கவும் வேண்டாம், தூள் உடம்புக்குக் கேடு.

கன்வெர்டிபிள் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கூரை இல்லாததால் உடலுக்கு இறுக்கம் குறைவு. அதை ஈடுகட்டத்தான் கன்வெர்டிபிளின் சேஸிஸில் நடுவே எக்ஸ் வடிவத்தில் கூடுதல் இரும்பு வைத்திருப்பார்கள். அடியில் குனிந்து பார்த்து அந்த எக்ஸ் இல்லையென்றால், யாரோ சேடனின் சேஸிஸில் கன்வெர்டிபிள் உடலை ஏற்றியிருக்கிறார்கள், அல்லது சாதாரணக் காரின் கூரையை அறுத்திருக்கிறார்கள். விலை வித்தியாசம் அப்படி இருக்கும்போது இந்த வேலை நடக்காமல் இருக்குமா?

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஓட்டுநர் பக்கக் கதவுக் கீல் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில்தான் காரின் அடையாள எண். உதாரணமாக வி-சி-57-என் என்று தொடங்கினால், ‘வி’ என்றால் வி-8 எஞ்சின், ‘சி’ என்றால் பெல் ஏர் வரிசை, 57 வருடம், ‘என்’ என்றால் ஒஹையோவின் நார்வுட் தொழிற்சாலை. பிறகு ஆறு இலக்க வரிசை எண். ஆறு சிலிண்டர் கார் என்றால் முதல் ‘வி’ இருக்காது, எண் ‘சி’யிலேயே தொடங்கும். பானட்டிலும் டிக்கியிலும் பெரிய ‘வி’ சின்னம் மின்னும், ஆனால் தகட்டு எண்ணில் ‘வி’ இல்லை என்றால், எஞ்சினோ சின்னமோ பிற்பாடு மாற்றப்பட்டது என்று அர்த்தம். தப்பில்லை, விலையில் தெரிய வேண்டும்.

எஞ்சின் அறைக்குப் பின்சுவரில் இன்னொரு தகடு, உடலைச் செய்த ஃபிஷர் பாடி போட்டது. உடல் வகை, உள் அலங்காரம், பெயின்ட் நிறம் மூன்றுக்கும் குறியீடு அதில் இருக்கும். சிவப்பாக நிற்கும் கார் தொழிற்சாலையிலிருந்து லார்க்ஸ்பர் நீலத்தில் வந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும். நிறம் மாறிய காரைக் கெட்ட கார் என்று சொல்ல மாட்டேன், அசல் நிறத்தில் இருப்பதற்குக் கூடுதல் விலை உண்டு என்பது மட்டும் நிஜம்.

இங்கேதான் ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்ற பிரபலமான சொல் வருகிறது. காரோடு பிறந்த எஞ்சினே இன்னும் அதில் இருக்கிறது என்று பொருள். ஆனால் 1957 செவ்ரோலே எஞ்சினில் காரின் அடையாள எண் பொறிக்கப்படவே இல்லை, அந்த வழக்கம் பிற்பாடு வந்தது. இருப்பதெல்லாம் எஞ்சின் வார்க்கப்பட்ட தேதிக் குறியீடும், எந்தத் தொழிற்சாலையில் எந்தத் தேதியில் பூட்டப்பட்டது, என்ன வகை என்று சொல்லும் முத்திரையும்தான். அந்தத் தேதிகள் கார் தயாரான தேதிக்குச் சில வாரங்கள் முந்தியிருந்தால் “பொருந்துகிறது” என்று சொல்லலாம். “அதே எஞ்சின்தான்” என்று சத்தியம் செய்ய முடியாது. ஒரு 57 பெல் ஏரை விற்பவர் அப்படிச் சத்தியம் செய்தால், அவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் இது இன்னும் சிக்கல். கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் ரோச்செஸ்டர் ராம்ஜெட் என்ற அமைப்போடு 283 கன அங்குலத்திலிருந்து 283 குதிரைசக்தி என்று செவ்ரோலே அந்த வருடம் விளம்பரம் செய்தது. அப்படி வந்த கார்கள் மிகக் கொஞ்சம். ஆனால் தகட்டு எண்ணில் கார்புரேட்டர் வைத்த சாதாரண வி-8-க்கும் அதே ‘வி’தான். ஆகவே பிற்பாடு இன்ஜெக்‌ஷனை வாங்கி மாட்டிய காரையும் பிறவியிலேயே இருந்த காரையும் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. பழைய டீலர் பில், முதல் உரிமையாளரின் காகிதங்கள், அந்தக் காலத்துப் போட்டோ எது இருந்தாலும் அதுதான் பணம்.

கொட்டகைக்குள்

கழற்றுவது எளிது, உற்சாகமாக இருக்கும். ஒரே வாரத்தில் கார் இருநூறு துண்டாகித் தரையில் கிடக்கும். பலருடைய கார் அதோடு நின்றுபோய், சில வருடம் கழித்து “எல்லாப் பாகமும் இருக்கிறது, பூட்டினால் போதும்” என்று பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வரும். அப்படி வரும் காரை முதல் காராக வாங்காதீர்கள். எது எங்கே மாட்டியிருந்தது என்று பார்த்தவர் நீங்கள் இல்லை.

கழற்றும் முன் போட்டோ, கழற்றும்போது போட்டோ, கழற்றிய திருகுகளைத் தனித்தனிப் பையில் போட்டு எழுதி வைப்பது. துருப்பிடித்த பழைய பாகத்தையும் புதுசு வந்து சரியாகப் பொருந்தும் வரை தூக்கிப் போடக்கூடாது. புதிதாக அச்சடித்த தகடுகள் பல நேரம் கால் அங்குலம் தள்ளித்தான் உட்காரும். பழசு கையில் இருந்தால்தான் எங்கே வளைக்க வேண்டும் என்று தெரியும்.

உடலைச் சேஸிஸிலிருந்து தூக்கும் முன், அழுகிய தரையை வெட்டும் முன், கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வைத்து வெல்டிங் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் எத்தனை முறை கீலைத் திருகினாலும் கதவு சேராது. கன்வெர்டிபிளில் இதை மறந்தால் கதை முடிந்தது. அதேபோல, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே கதவு, பானட், மட்கார்டு எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி, இடைவெளி சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கழற்றுவார்கள். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நல்ல வேலைக்கும் மட்டமான வேலைக்கும் வித்தியாசம் இந்தச் சலிப்பூட்டும் கட்டத்தில்தான் இருக்கிறது.

பழைய பெயின்டை அகற்ற மணல் வீச்சு வேண்டாம். பானட் போன்ற அகலத் தகடுகள் அதில் நெளிந்துவிடும். ரசாயனத் தொட்டியில் முக்கி எடுக்கலாம், அல்லது மென்மையான பிளாஸ்டிக் துகளை வீசலாம்.

புதியவர்கள் யாருமே எதிர்பார்க்காத செலவு குரோம். இந்தக் காரின் முன்பக்கம் முழுக்கக் குரோம்தான்: பல துண்டுகளாக வரும் பம்பர், அதில் குண்டு போல நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள், கிரில், ஹெட்லைட் வளையம். குரோம் முலாம் என்பது ஒரே பூச்சு கிடையாது. பழைய முலாமைக் கரைத்து, நசுங்கலை நிமிர்த்தி, செம்பு பூசித் தேய்த்து, அதன்மேல் நிக்கல், கடைசியில் மெல்லியதாகக் குரோமியம். பளபளப்பு முழுக்கத் தேய்ப்பில் இருக்கிறது, தேய்ப்பது மனிதக் கை. இரும்புப் பம்பராவது பரவாயில்லை. துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னச் சின்னச் சாமான்களில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் ஒவ்வொரு குழியையும் தோண்டி நிரப்ப வேண்டும். இதற்கு மட்டுமே பல ஆயிரம் டாலர் ஆகும். முலாம் பூசுவதற்கான சுற்றுச்சூழல் விதிகள் இறுகியதால் பட்டறைகளும் குறைந்துவிட்டன.

எஞ்சின், பிரேக் பக்கம் இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு திரவச் சுற்று. எங்காவது ஒரு குழாய் உடைந்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இரட்டைச் சுற்று உள்ளதாக மாற்றிப் போடுவதைக் கார் கண்காட்சியின் எந்த நடுவரும் பெரிய குற்றமாகப் பார்க்க மாட்டார், உயிர் முக்கியம். இன்னொன்று, இந்தக் காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறிக் கசியும். எண்ணெயிலும் துத்தநாகச் சேர்மானம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் வால்வுகளைத் திறந்து மூடும் இந்த வகைக் கேம்ஷாஃப்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கணக்குப் போடலாம்

முழு ஃபிரேம்-ஆஃப் வேலைக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பிடிப்பது சகஜம். அமெரிக்கப் பட்டறையில் மணிக்கு 100 டாலர் என்று வைத்தால், கூலி மட்டுமே ஒரு லட்சம் டாலர். இதில் உதிரிபாகம், குரோம், பெயின்ட் எதுவும் சேரவில்லை. இதைச் சேடனில் போட்டு முடித்தால், காருக்குச் சந்தை கொடுப்பது அதில் கால்வாசிகூட வராது. கன்வெர்டிபிளிலேயே, வாங்கிய விலையையும் சேர்த்தால், லாபம் சந்தேகம்தான்.

அப்படியானால் யார்தான் சம்பாதிக்கிறார்கள்? வேலையைத் தன் கையால் செய்பவர், மணிக்கூலியைக் கணக்கில் வைக்காதவர். அல்லது, யாரோ ஒருவர் ஒன்றரை லட்சம் செலவழித்துச் செய்த காரை எழுபதாயிரத்துக்கு வாங்கிப் பத்து வருடம் ஓட்டுபவர். புதிதாக இந்த ஆசை வந்தவருக்கு நான் சொல்வது இதைத்தான்: ஓட்டத்தான் ஆசை என்றால் முடித்த காரை வாங்குங்கள். செய்வதில்தான் சுகம் என்றால் செய்யுங்கள், ஆனால் லாபம் என்ற சொல்லை வீட்டில் எடுக்காதீர்கள்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. ஓடாமல் கிடக்கும், ஆனால் துருவில்லாத காரை வாங்குவது. அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலங்களில் வெயில் சீட்டையும் ரப்பரையும் பெயின்டையும் தின்றிருக்கும், தகடு கெட்டியாக இருக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் மிச்சிகன், ஒஹையோ பக்கத்துக் காரைவிட இதற்கு ஐயாயிரம் டாலர் கூடக் கொடுத்தாலும் மிச்சம்தான். பிரேக், டேங்க், ஒயரிங், டயர் மாற்றி, கழுவி மெருகேற்றி, ஓடுகிற காராக விற்றால் போட்ட பணம் வருவதற்கு இதில் வாய்ப்பு அதிகம்.

விற்கும்போது

முதலில் காரை நேர்மையாகத் தரம் பிரிக்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனியான ஹேகர்ட்டியின் விலைப்பட்டியல் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: ஒன்று என்றால் கண்காட்சித் தரம், இரண்டு மிகச் சிறப்பு, மூன்று நன்று, நான்கு சுமார். தன் கார் இரண்டு என்று நினைக்காத உரிமையாளரே இல்லை. உண்மையில் மூன்றாகத்தான் இருக்கும்.

எங்கே விற்பது என்பது காரைப் பொறுத்தது. ஜனவரியில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் நடக்கும் பேரட்-ஜாக்சன் ஏலமும், ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மீயில் நடக்கும் மீக்கம் ஏலமும் தொலைக்காட்சி வெளிச்சமுள்ள இடங்கள். பளபளக்கும் கன்வெர்டிபிளுக்கும் ரெஸ்டோமாடுக்கும் சரியான மேடை. அங்கே பல கார்கள் ‘நோ ரிசர்வ்’, அதாவது குறைந்தபட்ச விலை வைக்காமல் ஏறும். எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நுழைவுக் கட்டணம், விற்றால் தரகு, கொண்டுபோகும் லாரி வாடகை என்று விற்பவரிடமும் கறப்பார்கள், வாங்குபவரிடமும் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாங்குவார்கள். இருபதாயிரம் டாலர் சேடனை அங்கே கொண்டுபோவது வீண்.

சாதாரணக் காருக்கு 1954-இலிருந்து வரும் ஹெம்மிங்ஸ் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்கள், ட்ரை-ஃபைவ் சங்கங்கள், அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் கூடும் பெரிய சந்தை போதும். இப்போது அதிகம் நடப்பது பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்களில். அங்கே ஒரு காருக்கு நூறு, இருநூறு போட்டோ போடுவார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் தடவை ஸ்டார்ட் ஆவதை வீடியோ எடுத்துப் போடுவார்கள். பார்வையாளர்களில் காரைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் இருப்பார்கள். தவறான ஒரு ஸ்குரூவைக்கூடக் கண்டுபிடித்துக் கேட்பார்கள்.

எனவே மறைக்க முயல்வதில் பிரயோஜனம் இல்லை. அடிப்பக்கத்தைக் காட்டாத விளம்பரத்தில், அடிப்பக்கம் அழுகியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஹெட்லைட் புருவம், தரை, டிக்கி, எக்ஸ் சேஸிஸ், இரண்டு தகடுகள், எஞ்சின் முத்திரை எல்லாவற்றையும் முதலிலேயே தெளிவாகப் போட்டுவிட்டால் கேள்வி குறையும், விலை ஏறும். வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களையும் பில்களையும் ஒரு கோப்பாக அடுக்கி வைத்திருப்பவருக்கு இங்கேதான் பலன் கிடைக்கிறது. பெயின்டுக்கு அடியில் இரும்பா பட்டியா என்பதை முடிந்த காரில் யாராலும் காட்ட முடியாது, போட்டோ காட்டும்.

சந்தையின் போக்கையும் பார்க்க வேண்டும். 57 செவ்ரோலேக்கு இளமையில் ஏங்கியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் கார்களை விற்கிறார்கள், வாங்குவதில்லை. நாற்பது வயதுக்காரர் தன் பள்ளிக்கூடக் காலத்தில் பார்த்த 1980, 90-களின் கார்களைத் தேடுகிறார். அதனால் பெல் ஏரின் விலை முன்போல ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் பணத்தை முடக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வெளிநாட்டில் ஒரு சந்தை உண்டு. குறிப்பாக ஸ்வீடனில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார் என்றால் உயிரை விடுவார்கள், கோடைக்காலத்தில் ஊர்வலமாக ஓட்டுவார்கள்.

கடைசியாகக் காகிதம். நம் ஆர்.சி. புத்தகத்துக்கு இணையானது அங்கே மாநில அரசு கொடுக்கும் ‘டைட்டில்’. அதிலுள்ள எண்ணும் கதவுத் தூண் தகட்டு எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரு குமாஸ்தா தட்டச்சில் விட்ட பிழைகூட விற்பனையை நிறுத்திவிடும், அதை விளம்பரம் கொடுக்கும் முன்பே திருத்திக்கொள்ள வேண்டும். தகடு தளர்ந்திருக்கிறதே என்று நீங்களாகக் கழற்றி வேறு உடலில் மாட்டப் போகாதீர்கள், அடையாள எண்ணில் கைவைப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். போலி வங்கிக் காசோலையைக் காட்டிக் காரை ஓட்டிக்கொண்டு போய்விடும் மோசடி உண்டு. ஆகவே பணம் கணக்கில் ஏறி வங்கி உறுதி செய்த பிறகே சாவி. கையெழுத்துப் போட்ட டைட்டிலைக் கொடுத்துவிட்டு, கார் கைமாறியதை மாநில வாகனத் துறைக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள். கலிபோர்னியாவில் அதற்கு 5 நாள் கெடு. அதைச் செய்யாமல் விட்டால், புது உரிமையாளர் வாங்கும் பார்க்கிங் அபராதங்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.